வேளைக்கு இரண்டு கரண்டி

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று டிரைவரால் மாடி ஏற முடியவில்லை. வீடு இரண்டாவது மாடி, முப்பத்தெட்டுப் படி. பதினெட்டு வருஷம் நகரப் பேருந்தை நெரிசலில் வளைத்து வளைத்து ஓட்டிய மனிதர், பத்துப் படிக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். திருப்பத்துக்குத் திருப்பம் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். மேலே போய்ச் சேர இருபது நிமிஷமானது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. நாற்பத்தாறு வயதில்தான் அது தெரியவந்தது. நெஞ்சைத் திறந்து, கெட்டதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். அது ஒவ்வொரு முறை மூடும்போதும் டிக் என்றது. அறை அமைதியாக இருந்தால் இரண்டடி தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். பார்க்க வந்த டெப்போ ஆட்கள் அவர் நெஞ்சருகே காதை வைத்து, "டைம் என்னண்ணே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து டெப்போவில் அவர் பெயர் வாட்ச்.

மனைவிக்கு அந்தச் சத்தம் முதலில் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவள் வேலை பார்ப்பது ஒரு தையல் கூடத்தில். நாற்பது மெஷின் ஒரே நேரத்தில் ஓடும் வரிசைக்கு அவள்தான் சூப்பர்வைசர். எந்த மெஷினில் ஊசி வளைந்திருக்கிறது, எதில் நூல் சுற்றும் பாபின் லூஸாக இருக்கிறது என்பதை நடந்துகொண்டே காதால் சொல்லிவிடுவாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. சமையலறையில் நின்றபடியே அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று அந்த டிக்கை வைத்தே சொல்லிவிடும் அளவுக்கு வந்துவிட்டாள்.

டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் இருந்த நர்ஸ் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, அதை ஒரு நாளும் விடக்கூடாது. மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து நம்பர் பார்க்க வேண்டும். கீரை ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். அவள் காதில் கடைசி வாக்கியம் 'கீரை சாப்பிட வேண்டும்' என்று மட்டும் விழுந்தது. எல்லாம் எழுதிய தாளை ஸ்கேன் படங்களோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, பீரோ மேல் வைத்துவிட்டாள். அதை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

செயற்கை வால்வைச் சுற்றி ரத்தம் ஆடை கட்டப் பார்க்கும். மாத்திரை அதைத் தடுக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான் அந்த நம்பர் சொல்கிறது. அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் சட்டென்று உறையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அவளுக்கு ரத்தத்தில் நம்பர் என்றால் தெரிந்தது ஒன்றுதான். தையல் கூடத்துக்கு வருஷம் ஒருமுறை வரும் மருத்துவ முகாமில் விரலில் குத்தி ஒரு நம்பர் சொல்வார்கள். அது குறைவாக இருந்தால் ரத்தம் இல்லை, சத்தாகச் சாப்பிடு என்பார்கள். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் அவளுடைய அண்ணன் வந்தார். ஒரு காலத்தில் பெயின்ட் கம்பெனிக்கு ஊர் ஊராக அலைந்தவர். முட்டி தேய்ந்துபோன பிறகு, தன் வீட்டுக் கொல்லையிலிருந்த பதினோரு முருங்கை மரங்களை நம்பித் தொழிலை மாற்றிக்கொண்டார். இலையை உருவி, மூன்று தண்ணீரில் அலசி, வலைத் தட்டுகளில் பரப்பி நிழலிலேயே காயவைப்பார். வெயிலில் போட்டால் பச்சை போய்விடும், பச்சை போனால் பாதிச் சத்து போய்விடும் என்பார். ஆறு நாளில் இலை கையில் நொறுங்கும். அரைத்து, சலித்து, பொட்டலம் போட்டு, காலையில் பூங்கா வாசலில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு விற்பார். ஏமாற்றுக்காரர் இல்லை. தூசி தும்பு கலக்காதவர். தானும் தினமும் சாப்பிடுகிறவர்.

தங்கையின் கணவரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பெரிய பொட்டலங்களை மேசைமேல் வைத்து, முருங்கை இலையைப் பற்றி வாய் ஓயாமல் அரை மணி நேரம் பேசினார். ரத்தம் ஊற இரும்புச்சத்து, எலும்புக்குக் கால்சியம், தேய்ந்த சதை வளரப் புரதம், கண்ணுக்கு விட்டமின் ஏ, சளி அண்டாமலிருக்க சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார்.

"அப்புறம் கே-ன்னு ஒரு விட்டமின் இருக்கு, பாப்பா. அதுதான் ரத்தத்தை நிறுத்துறது. காயம் பட்டா சட்டுனு உறைஞ்சு மூடிக்கும். இதுல அது கொட்டிக் கிடக்கு. மாப்ளைக்கு நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்காங்களே, அதுக்கு இதைவிட என்ன வேணும்?"

நாற்பத்து நான்கு வயதிலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அவளும் அவர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே ஒரு கரண்டியில் ஆரம்பித்தாள். காலையில் வெந்நீரில் கலக்கி, மாலையில் சூப்பில் தூவி. அதற்குமுன் அந்த வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை கீரை வாங்கினாலே அதிகம். டிரைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மாட்டுக்கு வைப்பதை மனுஷனுக்கு வைக்கிறாளே என்று டெப்போ ஆட்களிடம் சொல்லிக்காட்டினார்.

ஆனால் உடம்பு தேறியது. மூன்றாவது வாரம் கன்னத்தில் நிறம் வந்தது. ஐந்தாவது வாரம் நாற்காலி இல்லாமல் முப்பத்தெட்டுப் படியும் ஏறினார். டெப்போவில் வண்டி ஓட்ட விடவில்லை, டூட்டி எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள். பார்த்தவர்களெல்லாம் ஆளே மாறிவிட்டார் என்றார்கள். அவள் உச்சி குளிர்ந்து போனாள்.

பொடி ஆரம்பிப்பதற்கு முன்னால் நம்பர் இரண்டு புள்ளி எட்டு. ஒரு மாதம் கழித்து இரண்டு புள்ளி இரண்டு. கிளினிக் டாக்டர் மாத்திரையை அரை கூட்டினார். ஏதாவது நாள் மாத்திரையை விட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் டிரைவர். சாப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். வீட்டுச் சாப்பாடுதான் என்றார் டிரைவர். பொய் சொல்லவில்லை. பொடியை அவர் சாப்பாடாகவும் நினைக்கவில்லை, மருந்தாகவும் நினைக்கவில்லை. அது மனைவியின் பிடிவாதம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நம்பர் குறைந்துவிட்டது என்றார். முகத்தில் தெளிச்சி தெரிகிறது, உள்ளே ரத்தம் இன்னும் ஊறவில்லை போலிருக்கிறது என்று கணக்குப் போட்டாள். மறுநாளிலிருந்து வேளைக்கு இரண்டு கரண்டி. அதோடு வாரம் மூன்று நாள் பச்சை இலையும். தரையில் செய்தித்தாளை விரித்து, காம்புகளை ஒவ்வொன்றாக உருவி, முட்டையில் போட்டு வதக்கினாள். வேலைக்குப் போகும்போது அவள் மணிக்கட்டில் பொடிப் பொடியாக இலை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த மாதம் ஒன்று புள்ளி எட்டு.

இந்த முறை டாக்டர் மாத்திரையை இன்னும் கூட்டி, ஒரு வாரத்தில் கண்டிப்பாக வர வேண்டும் என்று அட்டையில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். டிரைவருக்கு அந்த வாரம் மேசையில் மாற்றி உட்கார ஆள் இல்லை. அதற்கடுத்த வாரம் விடுமுறை நெரிசல், எந்த வண்டிக்கு யாரைப் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒன்றும் தெரியாதபோது ஊசி குத்திக்கொள்ள யாருக்கு மனம் வரும்? பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறிக் காட்டினார். அவள் திட்டினாலும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். பொடியை மூன்று கரண்டியாக்கலாமா என்று அண்ணனிடம் போனில் கேட்டாள். தாராளமாக என்றார் அண்ணன்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்று வீடே அமைதியாக இருந்தது. டிரைவர் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கீழே உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து சட்டை மடித்த பிறகு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று யோசித்தாள். எழுந்துபோய்ப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து அறை வாசலில் நின்றபோதுதான் விளங்கியது. அவர் உள்ளே இருக்கிறார், டிக் சத்தம் இல்லை.

நேரே போய் அவர் நெஞ்சில் காதை வைத்தாள். இதயம் துடித்தது. வால்வும் மூடித் திறந்தது. ஆனால் அந்தத் துல்லியம் போய்விட்டது. துணி சுற்றிய கட்டையால் தட்டுவதுபோல மந்தமாக, இழுத்தாற்போல ஒரு சத்தம். ஊசிக்கும் தட்டுக்கும் நடுவில் பஞ்சு சேர்ந்துபோன மெஷின் அப்படித்தான் சத்தம் போடும். அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எது என்றார் அவர். சத்தம் என்றாள். தேய்ந்து பழகியிருக்கும், புது வண்டி முதலில் சத்தம் போடும், போகப் போக ஸ்மூத்தாகும் என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. துருவித் துருவிக் கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது. நாலைந்து நாளாகப் படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறதாம். நேற்று டெப்போவில் ஒரு நிமிஷம் பேனா பிடிக்க வரவில்லையாம், விரல் மரத்த மாதிரி இருந்து சரியாகிவிட்டதாம்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார், கையில் புதுப் பொட்டலத்தோடு. அவரும் காதை வைத்துக் கேட்டார். வெளியிலிருந்து வைத்ததை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொண்டுவிட்டது, நல்ல அறிகுறிதான் என்றார். டிரைவரும் அதைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் கிளினிக் போகலாம், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலிலேயே காய வேண்டும் என்றார். இரண்டு ஆண்களும் சேர்ந்து அவளைச் சமாதானப்படுத்தினார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் இப்படிப் பயந்தால் எப்படி என்று அண்ணன் கேட்டார்.

அவள் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மெஷின்ல சத்தம் மாறிச்சுன்னா நான் காரணமெல்லாம் கேக்க மாட்டேன், அண்ணே. முதல்ல லைனை நிறுத்துவேன். அப்புறம்தான் பிரிச்சுப் பாப்பேன். கிளம்புங்க."

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுக்க ஒரு பாட்டில் வெந்நீரையும் மேசைமேலிருந்த பொட்டலத்தையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் மாடித் திருப்பத்தில் டிரைவர் நின்றார். வீட்டுச் சாவி அவர் வலது கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை கீழே போகவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். வாயிலிருந்து வந்தது வார்த்தை இல்லை. தனக்கு வார்த்தை வரவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. கண் இரண்டும் விரிந்து அவளையே பார்த்தன. பிறகு அப்படியே சுவரோடு சரிந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் கீழ்வீட்டுக்காரரும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் முன்னால் ஓடி ஆட்டோவை நிறுத்தினாள்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை வைத்த இரண்டாவது நொடியே அவர் முகம் மாறியது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சின்மேல் கருவியை ஓட்டித் திரையில் பார்த்தார்கள். நம்பர் ஒன்று புள்ளி இரண்டு. மாத்திரையே போடாத மனிதனுக்கு இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். வால்வின் ஒரு இதழ் அசையவில்லை. அதன்மேல் ரத்தம் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்குப் பிய்ந்து மூளைக்குப் போயிருந்தது.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு மாத்திரையை எத்தனை நாளாக நிறுத்தினீர்கள் என்று கேட்டார். ஒரு நாள்கூட இல்லை என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். டாக்டர் நம்பவில்லை. வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்றார். சத்துக் குறையக் கூடாது என்று இதைத்தான் கொடுக்கிறேன் என்று அவள் கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அந்த நிமிஷத்திலும் அவளுக்கு அதைக் காட்டுவதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அதை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் நிறைய நாள் அழுதாள்.

டாக்டர் பொட்டலத்தைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்த பட்டியலைப் படித்தார். எவ்வளவு என்று கேட்டார். வேளைக்கு மூன்று கரண்டி, வாரம் மூன்று நாள் பச்சை இலை என்றாள்.

"அம்மா, இதுல கெட்டது ஒண்ணுமே இல்ல. நல்ல இலை. நானும் சாப்பிடுவேன். ஆனா இதுல இருக்கிற விட்டமின் கே ரத்தத்தை உறைய வைக்கும். உங்க வீட்டுக்காரர் சாப்பிடுற மாத்திரை அந்த கே-யைத்தான் வேலை செய்ய விடாம தடுக்குது. அதைத் தவிர அதுக்கு வேற வேலை இல்ல. நாங்க மாத்திரையைக் கூட்டக் கூட்ட, நீங்க இதைக் கூட்டியிருக்கீங்க."

"நம்பர் குறையுதுன்னுதான் கூட்டினேன்" என்றாள் அவள்.

கதவருகே நின்றிருந்த அண்ணனுக்கும் எல்லாம் கேட்டது. அவர் மெதுவாக வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

உறைந்ததைக் கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கரைக்கிற மருந்து, கரைக்கக் கூடாத இடத்தில் ரத்தத்தைக் கசியவிடவும் கூடும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் மதியம் வால்வின் இதழ் அசைந்தது. டிரைவர் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு வந்தது, ஆனால் சொற்கள் இடம் மாறி வந்தன. தண்ணீர் வேண்டுமென்றால் ஜன்னல் என்பார். ஆட்களின் பெயர் வரவில்லை. பதினெட்டு வருஷம் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்களை மட்டும் வரிசை மாறாமல் சொன்னார். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் அதை வைத்துத்தான் ஆரம்பித்தார்.

நான்காம் நாள் அவள் அண்ணனுக்கு டீ வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அரவை மெஷினை விற்றுவிடப் போவதாக, மரங்களை வெட்டிவிடப் போவதாகச் சொன்னார். நான்தானே கொண்டுவந்து கொடுத்தேன் என்றார். நான்தானே ஊட்டினேன் என்றாள் அவள். அதற்குமேல் அந்தப் பேச்சை இருவருமே வளர்க்கவில்லை. டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: அளவு மாறாமல், சொல்லிவிட்டுச் சாப்பிட்டால் கீரை ஒன்றும் செய்யாது. சொல்லாமல் கூட்டியதுதான் வினை.

அண்ணன் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆடை படிந்துவிட்டது. பிறகு கேட்டார்.

"பாப்பா, பூங்காவுல வாங்குறவங்கள்ல இந்த மாத்திரை சாப்பிடுறவங்க இருப்பாங்களா?"

ஒரு ஆள் இருக்கிறார் என்றார் அண்ணன். காதில் கருவி மாட்டியவர், எப்போதும் இரண்டு பொட்டலமாக வாங்குவார். ஒருநாள் பேச்சுவாக்கில் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டியிருக்கிறார். டிரைவருக்கு இருப்பதுபோலவே, கழுத்துக்குக் கீழே தொடங்கி வயிறுவரை ஒரே கோடு. அப்போது அண்ணன் அவரிடம், உங்களுக்கெல்லாம் சாதாரண அளவு போதாது, இரட்டிப்பாக எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையிலிருந்து இருவரும் பூங்கா வாசலில் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் டெப்போ ஆட்கள் முறைவைத்துத் துணை இருக்க, அவள் ஷிப்டுக்குப் போகும்முன் ஒரு மணி நேரம் வந்தாள். பொட்டலம் எதுவும் கொண்டுவரவில்லை, ஓர் அட்டையில் 'ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பொடியைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வழக்கமாக வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். சிலருக்குக் கோபம் வந்தது. பொடி இல்லாததற்குச் சிலர் சலித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற பாங்க் அம்மா ஒருவர் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதே மாத்திரைதான். அவள் அவரைக் கையோடு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

காதில் கருவி மாட்டியவர் வரவில்லை. முதல் நாளும் வரவில்லை, மூன்றாம் நாளும் வரவில்லை. அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. கூட நடக்கிறவர்கள் பத்துப் பதினைந்து நாளாகப் பார்க்கவில்லை என்றார்கள். ஒருவர் மட்டும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள தெருவிலிருந்து அவர் வருவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

அன்று அவள் ஷிப்டுக்குத் தாமதமாக வருவதாகப் போன் செய்துவிட்டு அண்ணனோடு அந்தத் தெருவுக்குப் போனாள். நீளமான தெரு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடுகள். ஒவ்வொரு வீடாக விசாரித்துக்கொண்டு போனார்கள். பதினோராவது வீட்டில் கேட் பூட்டியிருந்தது. உள்ளே நடைபாதையில் செய்தித்தாள்கள் சுருள் சுருளாகக் கிடந்தன, சில மழையில் நனைந்து காய்ந்திருந்தன. ஜன்னல் திரைகள் மூடியிருந்தன. எதிர்வீட்டுப் பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். காது கேட்காதவர்தானே, அவரை ஒருநாள் அவசர அவசரமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு வீடு திறக்கவில்லை என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று அண்ணன் கேட்டார். தெரியாது என்றாள். போன் நம்பரும் தெரியாது.

டிரைவரின் மனைவி கைப்பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கேட்டின்மேல் வைத்து எழுதினாள். ஐயா முருங்கை இலைப் பொடி சாப்பிட்டு வந்தார், டாக்டரிடம் சொல்லுங்கள் என்று எழுதி, கீழே தன் நம்பரைப் போட்டாள். நான்காக மடித்து, கேட்டின் அடியில் தள்ளினாள். தாள் செய்தித்தாள்களுக்கு நடுவே போய் நின்றது. எதிர்வீட்டுப் பெண் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அடுத்த வீட்டு மணியை அடித்தார்.